பேரே நஞ்சு

குழந்தை பிறந்து பதினோரு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. பார்வையாளர் நேரம் தொடங்கியதும் முதல் ஆளாக வார்டுக்குள் நுழைந்தவர், சபாக் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த மாமியார் நல்லம்மாள்தான்.

பேரனைத் தூக்கி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "மூக்கு என் மவன் மூக்கு. காதுதான் யாரோடதுன்னு தெரியல. உங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே லா, அன்பு?"

கட்டிலில் சாய்ந்திருந்த அன்பரசி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் கணவன் திவாகரன் தரையைப் பார்த்தான். ஒரு விஷயத்தை அம்மாவிடம் சொல்லவே வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்து ஒரு வருடமாகிறது. சொன்னால் இந்தக் கைகள் பிள்ளையை இப்படி ஏந்துமா என்பதுதான் அவளுடைய பயம்.

கட்டிலுக்கடியில் மூடி போட்ட டப்பா ஒன்று இருந்தது.

"அதுல என்னடி?"

"நஞ்சுக்கொடி, அத்தை. நர்ஸ் மிஸ்ஸிகிட்ட கேட்டு வாங்கிக்கிட்டேன். வீட்டுல புதைக்கணும்."

"மலாய்க்காரங்க கழுவிப் புதைப்பாங்க. நமக்கு என்னத்துக்கு? பேரே நஞ்சு. தூக்கிப் போடு கழுதைய."

செம்பனை எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவள் அன்பரசி. இப்போது எங்கிருந்தோ குரல் வந்தது.

"அதைத் திட்டாதீங்க. நம்ம ரத்தத்துல காவக்காரங்க இருக்காங்க, அத்தை. வெளியாள் எது நுழைஞ்சாலும் அடிப்பாங்க. பிள்ளையும் அவங்களுக்கு வெளியாள்தான். இதுதான் நடுவுல நின்னு அவங்களை அடக்கி வச்சுச்சு. ஆறாம் மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அந்தக் கிருமியை விரட்டிட்டாங்க. இவனை மட்டும் தொடல."

நல்லம்மாள் சிரித்தார். "பெத்த புள்ள எப்படிடி வெளியாளு?"

"பாதி உங்க மவனோடது. என் உடம்புக்குத் தெரியாத பாதி."

"மீதி ஒன்னோடதுதானே? பாதி வெளியாளுக்கா இம்புட்டுப் பாதுகாப்பு?"

வேண்டாம் என்று திவாகரன் தலையசைத்தான். அன்பரசி அதைப் பார்த்தாள். மூன்று முறை கரு தங்காமல் போன வயிறு இது. அது இவனைத் தாங்கி நின்றதைக் குறைத்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தலையணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாதி இல்ல, அத்தை. முழுசும் வெளியாள். அப்பிடியும் என் உடம்பு இவனை ஏத்துக்கிச்சு. கருமுட்டை என்னோடது இல்ல. பேர் தெரியாத ஒரு பொண்ணு கொடுத்தது."