கடைசிப் பந்தி

அதியமான்கோட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தக் கல்லூரியில், எம்பிஏ மாணவர்கள் ஐந்து பேருக்கு அன்று பாடம் கிடையாது, விளையாட்டு. வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை நடித்தே கற்க வேண்டுமாம். ஐவரும் சேர்ந்து ஒரு கம்பெனி, கம்பெனி நஷ்டத்தில், ஒருவரை வெளியே அனுப்பியாக வேண்டும். கடைசிச் சுற்றில் தலைவர் விரும்பினால் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்றார் பேராசிரியர் மாதவராஜ். பின்வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். "விருந்தாளி, சும்மா பாக்க வந்திருக்காரு" என்றதோடு சரி. பேரைக்கூடச் சொல்லவில்லை.

கோகிலவாணிதான் தலைவி. யாரை அனுப்புவது? அர்ச்சுனன் என்றால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். சுசித்ரா அழுதே விடுவாள். கல்யாண வீட்டில் இலை பற்றாவிட்டால் யாரைக் காத்திருக்கச் சொல்வோம்? சொந்தக்காரரைத்தானே. அவளும் அதையே செய்தாள்.

"ஜாஸ்மின், நீ போடி. நீதான் நம்மாளு, கடைசிப் பந்தியில உக்காந்துக்கலாம்."

ஜாஸ்மின் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தினமும் அவளோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். அப்பா படுத்த படுக்கை. நாளை ஓசூர் கம்பெனி ஒன்று கல்லூரிக்கு வந்து நடத்தப்போகும் நேர்காணலைத்தான் அந்த வீடே நம்பியிருந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து, விதிப்படி அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

பின்வரிசைக்காரர் எழுந்து வந்து அந்த அட்டையை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கோகிலாவுக்கு, ஜாஸ்மினை இப்போதே கூப்பிட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. தலைவியே விதியை மீறினால் நன்றாகவா இருக்கும்? கடைசிச் சுற்று வரட்டும் என்று விழுங்கிக்கொண்டாள். பாழாய்ப்போன நாகரிகம்!

கடைசிச் சுற்று வரவேயில்லை.

"போதும்" என்றார் பின்வரிசைக்காரர். "நான் ஓசூர் கம்பெனிலருந்து வரேன். இதுதான் மொத ரவுண்டு. உள்ள இருக்கறவங்க மட்டும் நாளைக்கு இன்டர்வியூக்கு வந்தா போதும்."

"சார், இது வெளையாட்டுன்னுதானுங்க சொன்னாங்க..." என்று இழுத்தாள் கோகிலா.

"வெளையாட்டுன்னு சொன்னாத்தாம்மா நெசமா நடந்துக்குவீங்க." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நெருங்குன சிநேகிதியவே தயங்காம அனுப்புனீங்க. எங்களுக்கு இப்படி ஆள்தான் வேணும். ஹெச்ஆர்ல உங்களுக்கு எடம் இருக்கு."

கோகிலா பேராசிரியரைப் பார்த்தாள். அவர் சன்னலைப் பார்த்தார். 'அவள விட்டுட்டு நான் வரலீங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தாள். வெட்கக்கேடு, அந்த இடம் அவளுக்கும் வேண்டியிருந்தது.

கதவு லேசாகத் திறந்தது. ஜாஸ்மின் தலையை நீட்டினாள், முகம் நிறையச் சிரிப்பு.

"என்னடி, எல்லாரும் எந்திரிச்சுட்டீங்க? என் பந்தி வந்துருச்சா?"

கோகிலா தன் கழுத்தில் தொங்கிய அட்டையை இறுகப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.