ராமகிருஷ்ண வீதியில் காணாமல் போன அறை

வெள்ளவத்தை ராமகிருஷ்ண வீதியில், கடலைப் பார்த்த தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில், தியாகராசா நேசமலர் தம்பதியின் படுக்கையறை போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை காணாமல் போனது. நேசமலர் துவாய் எடுக்கப் போனபோது கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. அதே இளமஞ்சள் பெயின்ற், அதன்மேல் ஒரு பல்லி. வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மட்டும் அறையின் யன்னலும் நீலத் திரையும் பழையபடி தெரிந்தன. கிருலப்பனையிலிருந்து வந்த மேசன் பாஸ் உள்ளேயும் வெளியேயும் அளந்துவிட்டு, பதினொரு அடி குறைகிறது என்றும், இதைவிடக் கூடுதலாகக் குறைந்த வீடுகளையும் தான் பார்த்ததுண்டு என்றும் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அந்த அறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. தொண்ணூற்றேழில் கலியாணம் முடித்து இருவரும் அதில் குடியேறி ஐந்து மாதம் ஆகுமுன், தியாகராசாவின் ஒன்றுவிட்ட தமக்கை குடும்பம் கடவுச்சீட்டு எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. பத்து நாள் என்றார்கள். அவர்கள் போகுமுன் விசா நேர்முகத்துக்கு வந்தவர்கள், கனடாவுக்குக் கலியாணம் கட்டிப் போகும் பெண்கள், கண்ணில் சத்திரசிகிச்சை செய்ய வந்தவர்கள் என்று ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளவத்தையில் வீடு உள்ளவர் உறவுக்கு அறையைக் கொடுக்காமல் இருந்தால் ஊரில் தலைகாட்ட முடியுமா? அறையைக் கொடுத்துவிட்டு தியாகராசா ஹோலில் ஆண்களோடு பாய் விரித்தார், நேசமலர் குசினிப் பக்கம் பெண்களோடு படுத்தாள். மகள் சாம்பவி பிறந்ததுகூட, ஓர் ஆடியில் வந்திருந்த பதினொரு பேரும் ஒன்றாகக் கதிர்காமத்துக்குப் போன மூன்று நாட்களின் புண்ணியத்தில்தான்.

பிறகு வவுனியாவிலேயே கடவுச்சீட்டு எடுக்கலாம் என்று வந்தது. சாம்பவியும் படிக்க மெல்பேர்ணுக்குப் போனாள். வீட்டில் இரண்டே பேர். ஆனாலும் அவர் ஹோலிலும் அவள் குசினிப் பக்கத்திலுமே படுத்தார்கள். அவளுக்கு விருப்பம் விட்டுப்போயிற்று என்று அவர் நினைத்தார். அவருக்குத்தான் விட்டுப்போயிற்று என்று அவள் நினைத்தாள். வாய்திறந்து கேட்க இருவருக்கும் வெட்கம். புது விரிப்பு விரித்த கட்டில் இரண்டு வருடம் யாருக்கோ காத்துக் கிடந்தது. அறை போன அன்று தியாகராசா சாவகாசமாக, "போனால் போகட்டும் நேசம், இனி ஆர் வரப்போகினம்" என்றார். அறை போனதற்கு அழாத நேசமலர் அதற்கு அழுதாள். ஐம்பத்து மூன்று வயதில், இந்த மனுசனோடு இரண்டு வாடகைக்காரர் மாதிரி இருந்தே செத்துப்போய்விடுவேனோ என்று பயமாக இருந்தது. அவளுக்கு அவர் வேண்டும், அந்த முதல் ஐந்து மாதம் போல வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் தாம்பத்திய ஆலோசனை சொல்லும் டொக்டர் லுத்பியாவிடம் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். பெயர்ப்பலகையில் 'ஆலோசனை' என்று மட்டுமே இருந்தது. மிச்சத்தையும் எழுதினால் படியேற ஆளிருக்காது. சுவரைப் பற்றிக் கேட்டு டொக்டர் ஆச்சரியப்படவில்லை. கொம்பனித்தெருவில் ஒரு தம்பதிக்குக் கட்டில் சுருங்கிச் சுருங்கி வாங்குப் பலகை அளவுக்கு வந்து, பிறகு சரியானதாம். தியாகராசா மின்விசிறியையே பார்த்துக்கொண்டு, வயது போய்விட்டது என்றார். அதை யார் தீர்மானித்தது என்று டொக்டர் கேட்டார். பதினைந்து நாளைக்குக் கட்டில் நினைப்பே கூடாது, தினமும் மத்தியானம் அந்தச் சுவருக்கு முன்னால் இருந்து பத்து நிமிடம் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு முகம், பிறகு கழுத்து, எது பிடிக்கிறது என்று வாயால் சொல்லவும் வேண்டும் என்பது மருந்து. "அவசரம் வாணாம்," என்றார் லுத்பியா. "இத்தின வருஷமா பசிய அடக்கிப் பழகிட்டீங்க. கொஞ்சம் பசிக்கட்டும்."

முதல் நாள் தியாகராசாவின் கை வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் அவர் உள்ளங்கையில் ஒரு தழும்பைக் கண்டு எப்போது வந்தது என்று கேட்டாள். பன்னிரண்டு வருடம் என்றார். ஆறாம் நாள் சுவர் இளஞ்சூடாக இருந்தது. ஒன்பதாம் நாள் அவர் விரல் பிடரியில் பட்டபோது, அங்கேதான், இன்னும் கொஞ்சம் கீழே என்று சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று நேசமலர் வெட்கத்தில் சிரித்தாள். அன்று சுவருக்குள்ளிருந்து பூச்சி உருண்டை மணம் வந்தது. பதின்மூன்றாம் நாள் தியாகராசா வாய் திறந்தார்.

"ஒவ்வொரு முறையும் அறையைக் குடுக்கேக்கை நீர் கதவடியிலை நிண்டு என்னைப் பாத்தனீர், நேசம். நான் காணாத மாதிரி நிண்டனான்."

"அப்ப நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டனான். எனக்கும் குடுக்க விருப்பமில்லை. சனம் என்ன கதைக்கும் எண்டு பயந்திட்டன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது, இருபத்தெட்டு வருடக் கோபம். அது வந்து அடங்கியபின் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சுவர் வழிவிட்டது. இருவரும் உள்ளே போனார்கள். விரிப்பில் ஒரு பொட்டுத் தூசு இல்லை. அதன்பின் நடந்தது அவர்கள் பாடு. கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி மூன்று தரம் போனதாக நேசமலருக்கு ஞாபகம். பதினைந்து நாள் பொறுக்கவில்லை என்று அறிந்தும் டொக்டர் ஏசவில்லை.

கதவு திரும்பி வரவில்லை. சுவர் சுவராகவே இருந்து, அவர்கள் கைகோத்து வந்தால் மட்டும் வழிவிட்டது. வைகாசியில், அந்த ஒன்றுவிட்ட தமக்கையின் மகன் ஜனா ரொறன்ரோவிலிருந்து பேசினான். தானும் மனைவியும் இரண்டு கிழமைக்கு வருவதாகவும், அறை இருக்கும்தானே என்றும் கேட்டான். நேசமலர் குசினிக் கதவடியில் நின்று தியாகராசாவைப் பார்த்தாள். இம்முறை அவரும் அவளைப் பார்த்தார்.

"வாங்கோ தம்பி, படுக்கை ஹோலிலை," என்றார். "அறை எங்கடை."

அவர்கள் வந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமாவும் மாமியும் கைகோத்துச் சுவருக்குள் போவதை ஜனா பார்த்தான். எழுந்து போய்ச் சுவரை ஒருமுறை தட்டினான். உள்ளே மாமி சிரிப்பது கேட்டது. தலையணை போதாவிட்டால் ஹோல் அலுமாரிக்கு மேலே இன்னொன்று இருக்கிறது என்று மாமா சொன்னார். ஜனா பார்த்தான், அங்கேதான் இருந்தது.