மூன்றாவது பெண்ணுக்கு வைக்கிற பெயர்

மூணாறு மலையில், அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் போதும்பொண்ணுகள் நான்கு பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் நான்கு கூடைகள் ஒன்றாக முன்னே வரும். அதனால் கங்காணி ராக்கப்பன் அவர்களை நெட்டை, குட்டை, கறுப்பி, தெத்துப்பல் என்று பிரித்து வைத்திருந்தார். பெண்ணாகவே பிறக்கிற வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தால், சாமி குறிப்பறிந்து அடுத்ததை ஆணாக அனுப்பும் என்பது தென்காசிப் பக்கமிருந்து ஆட்களோடு அவர் மலையேற்றிய சாஸ்திரம். நால்வருக்குப் பின்னாலும் தங்கைகளே பிறந்ததைச் சாமியும் கவனிக்கவில்லை, கங்காணியும் கவனிக்கவில்லை.

இப்போது தெத்துப்பல் போதும்பொண்ணுக்கு மூன்றாவதும் பெண். பெயர் வைக்கக் கங்காணி வந்தார். துரை கழித்துப் போட்ட கோட்டு, வெயிலில்லாத நாளில் விரித்த குடை. புருஷன் சின்னமுத்து பிள்ளையை ஏந்திக்கொண்டு வளைந்து நின்றான்.

கங்காணி பிள்ளையின் காதில் குனிந்தார். "போதும்பொண்ணு."

மூன்று தடவை சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு வாய் திறக்குமுன் தாய்க்காரி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். கல்யாணப் பந்தியில்கூட 'போதும் வந்துட்டாளா' என்று சிரித்த அத்தனை வாய்களும் அவள் நெஞ்சில் எரிந்தன.

"எனக்கும் இதே பேருதான் மாமா. எனக்குப் பெறகு ரெண்டு பொட்டப்புள்ள."

"ஒங்கப்பன் மனசார வைக்கல."

"ஒங்க மகளுக்கும் மூணாவது பொட்டதான. அதுக்கு என்ன பேரு வச்சீக?"

கங்காணி கோட்டில் இல்லாத பொத்தானைப் போடப் பார்த்தார்.

"திரிபுரசுந்தரி" என்றாள் கூட்டத்திலிருந்து மருதாத்தாள். "பாலக்காட்டு ரைட்டர் ஐயருகிட்ட கேட்டு வாங்குனதுல்லா."

"அது பெரிய எடத்துச் சம்பந்தம்" என்றார் கங்காணி.

"அப்பம் பெரிய எடத்துல பொட்டப்புள்ள போதாதோ? இன்னும் வேணுமோ?"

"ஏட்டி, வாய மூடு" என்றான் சின்னமுத்து.

"நீங்க சும்மா இரிங்க. வலிச்சது எனக்கு."

பெற்றவளே பெயர் சொல்வது அங்கே வழக்கமில்லை. அவள் சொன்னாள், மூன்று தடவையும், லயமே கேட்க: "ராமுத்தாய்." அஞ்சு பெண்ணைப் பெற்றதற்கு அடி வாங்கியே செத்த அவளுடைய அம்மாவின் பெயர்.

கங்காணி குடையை மடக்கினார். "அடுத்ததும் பொட்டயாப் பொறக்கும். அப்பம் தெரியும் ஒனக்கு."

"பொறக்கட்டும்" என்றாள். "அதுக்கும் நாந்தான் பேரு வைப்பேன்."