மூடி போடாத லாந்தர்

ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் யார்டு கேட்டில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டு வருகிற மனுஷன், காலையில் வீட்டுக்குப் போய்ப் படுப்பதுதான் உலக வழக்கம். கருணாகரனுக்கு அது ஒத்துவரவில்லை. ஏழரை மணிக்கு டீக்கடையில் ஒரு பன்னை நனைத்துத் தின்றுவிட்டு, திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஹுமாயூன் நடத்தும் பிரௌசிங் சென்டரின் மாடிப்படியில் ஏறிவிடுவான். வயது நாற்பத்திரண்டு. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். படுத்தால் தூக்கம் வராது, தப்பித்தவறி வந்தாலும் கூடவே கடல் வரும். அதற்குப் பிணங்களோடு பொழுதைக் கழிப்பது மேல் என்று முடிவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது.

பிணங்கள் என்றால் கம்ப்யூட்டரில் வருகிறவை. செத்தவர்கள் எல்லாம் எழுந்து தெருத்தெருவாக அலைகிற ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர். எந்நேரமும் இருட்டு, எந்நேரமும் பனி. இந்தக் கோடியில் கிளம்பி அந்தக் கோடியில் இருக்கும் படகுத்துறைக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். கையில் நெருப்பு இல்லாவிட்டால் குளிரில் விறைத்துச் சாக வேண்டியதுதான். நெருப்பு இருந்தால் அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பிணங்கள் வரும். ஆட்டத்தைச் செய்தவன் வீட்டில் பெண்டாட்டி தொல்லை அதிகம் என்று ஹுமாயூன் சொல்வான்.

கிளம்பும்போது ஒரு அலமாரி திறக்கும். உள்ளே ஐந்து சாமான், எடுக்க அனுமதி ஒன்றுக்குத்தான். கருணாகரன் ஐந்தையும் பார்த்தாகிவிட்டது. மெழுகுவர்த்தி நாலு எட்டு ஓடினாலே அணைந்துபோகும். டார்ச் சுடாது, குளிருக்கு உதவாது. போதாக்குறைக்கு அடித்த பக்கம் மட்டும் தெரியும், முதுகுக்குப் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான். தீவட்டி பிணத்தையும் கொளுத்தும், பிடித்தவனையும் கொளுத்தும். சிவப்பு மத்தாப்பு ஒன்று உண்டு, கொளுத்தினால் ஊருக்கே தெரியும், இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். கடைசியாக மண்ணெண்ணெய் லாந்தர். நின்று எரியும், கதகதப்பு தரும், அதற்குத் தகரத்தில் ஒரு மூடியும் உண்டு. 'ஜி' எழுத்தைத் தட்டினால் மூடி விழுந்து வெளிச்சம் மறைந்துவிடும், சூடு மட்டும் கையில் இருக்கும். விஷயம் தெரிந்த பயல்கள் எல்லோரும் லாந்தரை எடுத்து, மூடியைப் போட்டு, சுவரைத் தடவிக்கொண்டே படகுத்துறைக்குப் போய்விடுவார்கள்.

கருணாகரனும் லாந்தரைத்தான் எடுப்பான். ஆனால் மூடமாட்டான்.

"அந்த ஜி-ய ஒரு தபா தட்டேன் நைனா. உன் கீபோர்டுல அது ஒண்ணுதான் இன்னும் புதுசா கீது" என்று ஹுமாயூன் கல்லாவிலிருந்து கத்துவான்.

"வேணாம் பாய்."

"அப்போ சாவு."

செத்துத்தான் போவான். தினமும் பத்துப் பன்னிரண்டு தடவை, விளக்கை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நடுத்தெருவில் செத்துப்போவான். பார்க்கிறவர்களுக்கு அது தமாஷ். அவனுக்கு விரல் அந்த எழுத்துக்கு நகராது, அதுதான் சங்கதி.

மூன்று வருஷத்துக்கு முன்பு கருணாகரன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். தம்பி எத்திராஜ் சின்ன ஃபைபர் படகில் தனியாகப் போய், பெட்ரோமாக்ஸைக் கொளுத்தித் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பான். வெளிச்சத்துக்குக் கணவாவும் மத்தியும் வந்து கூடும். கூடியதும் கருணாகரன் லாஞ்சைக் கொண்டுவந்து சுற்றி வலை போடுவான். இதில் ஒரே தொல்லை, மீனுக்குத் தெரிகிற வெளிச்சம் மற்ற லாஞ்சுக்காரர்களுக்கும் தெரியும். மீன் சேருகிற நேரம் பார்த்து அவர்களும் வந்து நிற்பார்கள். கருணாகரனுக்கு அப்போது மூளை வேலை செய்தது. ஓர் எண்ணெய் டின்னை வெட்டி, விளக்கைச் சுற்றி நாலு பக்கமும் மறைத்து, வெளிச்சம் தண்ணீரில் மட்டும் விழும்படி செய்துகொடுத்தான். தூரம் போனபிறகு மாட்டிக்கொள், மீன் சேர்ந்ததும் கழற்று, அதைப் பார்த்து நான் வருகிறேன் என்று தம்பியிடம் சொன்னான். லாஞ்சில் கூட வருகிற நாலு பேரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு குவார்ட்டருக்கு ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

மூன்று ராத்திரி நல்ல பாடு, வலை நிறைய மீன். நாலாவது ராத்திரி, துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கிடந்த ஏதோ ஒரு கப்பல் நகர்ந்தது. அந்த இடத்தில் படகு இருப்பதே அதற்குத் தெரியவில்லை. படகில் பாதி கிடைத்தது. எத்திராஜ் கிடைக்கவில்லை.

"காத்துல வெளக்கு அணைஞ்சிருக்கும்" என்று கருணாகரன் எல்லோரிடமும் சொன்னான். எத்திராஜைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள் கருணாகரனின் மனைவி குப்பம்மா. அன்றிலிருந்து காற்றடிக்கிறபோதெல்லாம் அவள் காற்றைத் திட்டுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கருணாகரனால் முடியவில்லை. அதனால்தான் அவன் பகலில் வீட்டுக்குப் போவதில்லை.

அன்றைக்குக் காலை ஒன்பதரை மணி இருக்கும். குப்பம்மாவின் தம்பி திலீப் மாடியேறி வந்து, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். கையில் ஒரு சாக்குப்பை. அவனும் இந்த ஆட்டக்காரன்தான், இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்துவிட்டால் இரண்டு பேரும் ஒரே தெருவில் நடக்கலாம்.

"மாமா, மேட்டர் தெரியுமா? லாஞ்சுக்காரங்கோ எனக்கு வெளக்குப் படகு குட்த்துட்டாங்கோ. இன்னிக்கே ஏறுறேன்."

"யார் குட்த்தா? வேற ஆளே கெடைக்கலையா?" கருணாகரன் திரையை விட்டுத் திரும்பினான்.

"இன்னா மாமா, என்னிய பாத்தா ஆளா தெரியலையா? நீ வா, வெளாடு."

ஹுமாயூன் சேர்த்துவிட்டான். இருவரும் லாந்தர் எடுத்தார்கள். திலீப் எடுத்த கையோடு மூடியைப் போட்டான். கருணாகரன் திறந்தே வைத்துக்கொண்டு நடந்தான். மாதாகோயில் மாதிரி ஒரு கட்டடம் வரும், அதைத் தாண்டினால் படகுத்துறை. அங்கே போவதற்குள் தெரு நெடுகப் பிணங்கள் திரும்பிப் பார்த்துவிட்டன.

"மூடு மாமா! உன்னால நானும் காலி!"

கருணாகரன் மூடவில்லை. திலீப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று கையை நீட்டி அவனுடைய கீபோர்டில் 'ஜி'யைத் தட்டிவிட்டான்.

கருணாகரனின் திரை கறுத்துப்போனது. சின்னதாக ஒரு சிவப்புக் கோடு மட்டும் மூடியின் அடியில் தெரிந்தது. வந்துகொண்டிருந்த பிணங்கள் நின்றன, மோந்து பார்த்தன, விலகிப்போயின.

"பாத்தியா? எவனுக்கும் தெர்லை!" திலீப் தொடையில் தட்டிச் சிரித்தான். "இத்த பாத்துதான் மாமா எனக்கு ஐடியாவே வந்துச்சு." சாக்குப்பைக்குள் கைவிட்டு எடுத்தான். வெட்டிய எண்ணெய் டின். நாலு பக்கமும் மடித்து, கம்பி கோக்க ஓட்டை போட்டு, பளபளவென்று இருந்தது. "பெட்ரோமாக்ஸ சுத்தி மாட்டிக்கினா வெளிச்சம் கீழதான் வுழும். மீன் வரும், மத்தவன் வரமாட்டான். எவனுக்காவது இந்த மூளை கீதா சொல்லு?"

கருணாகரன் அந்தத் தகரத்தைப் பார்த்தான். மடிப்புகூட அவன் மடித்த மாதிரியே இருந்தது. அவனும் மூன்று வருஷத்துக்கு முன்பு இப்படித்தான் தொடையைத் தட்டிக்கொண்டான்.

அப்போது கரெண்ட் போனது. பத்து மணிக்குப் போகிற கரெண்ட், தினமும் போவதுதான். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்கும், அதன் அடியில் குடியிருக்கிறவர்கள் விசிறிக்கொண்டிருப்பார்கள். ஃபேன்கள் நின்றன. ஹுமாயூன் சலித்துக்கொண்டே மெழுகுவர்த்தி தேடக் கீழே இறங்கினான். ஜன்னலை அட்டை வைத்து மறைத்த அந்த அறைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கருணாகரனுக்கு வாய் வந்திருக்காது.

"திலீப், அந்தத் தகரத்த மாட்டாத."

"ஏன்?"

"எத்திராஜ் வெளக்கு காத்துல அணையலடா. எரிஞ்சிகினுதான் இருந்துச்சு. நான்தான் இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குட்த்தேன். கப்பலுக்குத் தெரியல."

தகரம் திலீப்பின் மடியில் ஒரு தடவை சத்தம் போட்டது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மூணு வருஷமா அது காத்தத் திட்டிகினு கீது மாமா."

"தெரியும்டா."

"நீ இன்னா ஆளு மாமா" என்றான் திலீப். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னான். தகரத்தைக் கருணாகரனின் மடியில் வைத்துவிட்டு எழுந்தான். "நான் இத்த மாட்டல. நீ போய் அக்காகிட்ட சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்வேன், அது நல்லா இருக்காது."

கருணாகரன் வீட்டுக்குப் போனான். அந்த நேரத்தில் அவன் வந்து மாதக்கணக்காகிறது. குப்பம்மா வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தகரத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். சொல்ல அதிகம் இல்லை, நாலே வாக்கியம்தான் இருந்தது. மூன்று வருஷம் சுமந்தது நாலு வாக்கியம்தானா என்று அவனுக்கே கேவலமாக இருந்தது.

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ புள்ள இருட்டுல போகல?"

"இல்ல. வெளிச்சத்துலதான் இருந்தான்."

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கருவாட்டைத் திருப்பத் தொடங்கினாள். அவனுக்குச் சோறு போடவில்லை. கருணாகரன் உள்ளே போய் வெறுந்தரையில் சாய்ந்தான். எப்போது தூங்கினான் என்று தெரியாது, எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கடல் வரவில்லை.

எட்டு மணிக்குத்தான் டியூட்டி. அலை அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டிய கரையில் போய் நின்றான். பத்தடி தள்ளி குப்பம்மாவும் வந்து நின்றாள். அவன் பக்கம் அவள் திரும்பவில்லை. லாஞ்சுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இருட்ட இருட்ட, தூரத்தில் ஒரு வெள்ளை வெளிச்சம் ஏறியது. நாலு பக்கமும் தெரிகிற வெளிச்சம்.

கொஞ்ச நேரத்தில் மற்ற லாஞ்சுகளின் சின்ன விளக்குகள் அதைப் பார்த்துத் திரும்பத் தொடங்கின. ஒன்று, இரண்டு, நாலு. இன்றைக்குத் திலீப்புக்குப் பாடு ஒன்றும் தேறாது. லாஞ்சில் இருக்கிறவர்கள் அவன் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள்.

"எல்லாரும் வரானுங்க" என்றாள் குப்பம்மா, கடலைப் பார்த்தபடி. காலையிலிருந்து அவள் பேசிய இரண்டாவது பேச்சு.

"வரட்டும்" என்றான் கருணாகரன்.