ரத்தம் வராத எலும்பு

ஈறைக் கீறி விலக்கினேன். எலும்பு தெரிந்தது. ரத்தம் வரவில்லை.

வியட்நாமின் கான் தோ நகரில் என் பல் கிளினிக்குக்கு வருகிறவர்களின் தாடையை இப்படித் திறப்பது எனக்குப் புதிதல்ல. உயிருள்ள எலும்பு இளஞ்சிவப்பாக இருக்கும், லேசாகச் சுரண்டினாலே கசியும். தோவா அத்தையின் கீழ்த்தாடையோ சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. சுரண்டினேன். ஒரு சொட்டுகூட இல்லை.

ஸ்கேனில் அந்த எலும்பு கெட்டியாகத் தெரிந்தபோது குதித்தவள் நான்தான். இம்ப்ளான்ட் பல் பதிக்க இதைவிட நல்ல எலும்பு எங்கே கிடைக்கும்? "உங்களுக்கு இருபது வயசுப் பொண்ணோட தாடை, அத்தை!" என்றேன்.

"அப்போ எனக்கு ஒரு மாப்பிள்ளை பாரு புள்ள!" என்று பொக்கை வாயால் சிரித்தார். "புத்தாண்டுக்குச் சுட்ட கணவாய்க் கருவாட்டைக் கடிச்சு இழுக்கணும். அது போதும் எனக்கு."

அன்று நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் மகன் கியெத் முந்திக்கொண்டு பதில் சொன்னான். சர்க்கரை? இல்லை. வேறு நோய், மருந்து? "ஒண்ணும் இல்லக்கா." சொல்லும்போது அவன் கண் அம்மாமேலேயே இருந்தது. பாசம் என்று நினைத்தேன்.

இப்போது துளைக்கும் கருவியை எடுக்காமலே, நர்ஸிடம் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"கியெத், அம்மாவுக்கு எலும்புக்கு ஏதாவது ஊசி ஏத்துறீங்களா?"

அவன் முகம் செத்துப்போனது. "மாசா மாசம் ட்ரிப்ஸ்... மார்புல கேன்சர்க்கா. எலும்புக்குப் பரவிடுச்சு. அம்மாவுக்குத் தெரியாது. சத்து மருந்துன்னு சொல்லி வச்சிருக்கோம்."

"என்கிட்டயுமா மறைப்பே?"

"அவங்க பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களே! எப்படிச் சொல்லுவேன்?"

அந்த மருந்து எலும்பை இறுக்கும். ஆனால் தாடையில் புண் பட்டால் ஆற விடாமலும் செய்யலாம். ஆறாத ஈறுக்குக் கீழே எலும்பு செத்து அழுகும். நான் ஏற்கெனவே கீறிவிட்டேன்.

"அவங்ககிட்டச் சொல்லித்தான் ஆகணும். புண்ணைப் பாத்துக்க வேண்டியது அவங்கதானே?"

"வேணாம்க்கா. தெரிஞ்சா அன்னிக்கே படுத்துடுவாங்க." கதவை மறித்தான். விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

எதையும் பதிக்காமல் ஈறை இழுத்து மூடித் தைத்தேன். முகக்கவசத்தைக் கழற்றினேன்.

"அத்தை, உங்களுக்கு ஏத்துற ட்ரிப்ஸ்..."

மரத்த உதட்டோடு குழறினார். "சத்து மருந்துதானே? இவன் அப்பாவுக்கும் அப்படிச் சொல்லித்தான் ஏத்தினோம். அந்தப் பொய்யை இவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் புள்ள."

கியெத் சுவரில் சாய்ந்தான். "அம்மா... உனக்குத் தெரியுமா?"

"தெரியும்னு காட்டிக்கிட்டா நீ உடைஞ்சிடுவேடா. ஆனா அந்த மருந்து வாயில வந்து நிக்கும்னு யாரும் சொல்லலியே."

புத்தாண்டுக்கு முன்பு தையல் பிரிக்க இருவரும் வந்தார்கள். ஈறு மூடியிருந்தது, ஒரு ஓரத்தைத் தவிர. அங்கே கடுகளவு வெள்ளை. சோற்றுப் பருக்கையாக இருக்கும் என்று தண்ணீர் பீய்ச்சினேன்.

போகவில்லை. எலும்புதான்.

"என்ன புள்ள, கணவாய் கடிக்கலாமா?"

நான் கியெத்தைப் பார்த்தேன். இந்த முறை அவன் முந்திக்கொள்ளவில்லை.