குங்குமம் வைத்த ஜனாதிபதி

எங்கள் பீங்கான் பட்டறையில் புது ஆர்டரின் முதல் பொம்மையை விற்க மாட்டோம். சூளைக்குக் கற்பூரம் காட்டும்போது அதற்கும் காட்டி, பிள்ளையார் பக்கத்தில் வைத்துவிடுவோம். அப்படித்தான் அமெரிக்க ஜனாதிபதியும் விருத்தாசலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைத்துக்கொண்டார்.

அவருடைய மார்பளவு பொம்மைகளை நாங்கள்தான் செய்தோம். அகல்யா கண் எழுதினாள். ஜோஸ்பின் என்கிற நான் பெட்டி கட்டினேன். அவரோ அங்கே, எல்லாம் தன் மருமகன் ஆலையில் அமெரிக்கத் தொழிலாளிகள் செய்தது என்று சொல்லி, மருமகனுக்கு அரசாங்கப் பணத்தை வாரிக் கொடுத்திருக்கிறார்.

அதைத் தோண்ட வந்தவர் மார்த்தா என்ற அமெரிக்கப் பத்திரிகைக்கார அம்மா. சித்திரை வெயிலில் முகம் கன்றிப்போய், மொழிபெயர்க்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு, ஒரே கேள்வியை லாரிக்காரரிடமும் டீக்கடையிலும் எங்களிடமும் தனித்தனியாகக் கேட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை. அதற்குள் முதலாளி தெய்வநாயகம் அச்சு, உடைசல் எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டார். பிள்ளையார் பக்கத்துப் பொம்மையை மட்டும் விட்டுவிட்டார். கற்பூரம் காட்டியதை உடைக்க அவருக்குக் கை வரவில்லை.

அகல்யா அதைப் படம் எடுத்து மார்த்தாவிடம் காட்டினாள்.

"என் பேரு வெளிய வந்தா வேலை போயிடுங்க. வூட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

வராது என்று வாக்குக் கொடுத்தார் மார்த்தா.

வரவில்லை. செய்தியில் அகல்யா பெயரும் இல்லை, குங்குமப் பொட்டுப் படமும் இல்லை. படத்தைப் போட்டிருந்தால் ஊர் உலகம் நம்பியிருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஆள்தான் எடுத்தது என்று முதலாளிக்குத் தெரிந்துவிடுமே என்று விட்டுவிட்டார்.

ஜனாதிபதி எல்லாம் பொய் என்றார். மார்த்தா மேல் வழக்கு வந்தது. யார் சொன்னது என்று நீதிபதி கேட்டார். சொல்ல முடியாது என்றார் மார்த்தா. சிறையில் போட்டுவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் அதைப் பார்த்தோம். எங்கோ கண் எழுதிப் பிழைக்கிற ஒருத்திக்காக ஜனாதிபதியையே எதிர்த்து நிற்கிறாரே, அந்த நெஞ்சழுத்தம் யாருக்கு வரும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அகல்யா டிபன் பாக்ஸை மூடினாள்.

"அவங்க வக்கீலு ஃபோன் பண்ணாரு, அக்கா. எனக்காக நீ வாயத் தொறக்க வேணாம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க."

"அப்புறம் என்னடி? கம்முனு இரு."

"அவங்க எனக்காக உள்ள இருக்காங்க. நான் சம்பளத்துக்காக வெளிய இருக்குறேன்."

பொம்மையை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள். ஃபோனை என்னிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னாள்.

"என் பேரு அகல்யா. ஊரு விருத்தாசலம். இதுக்குக் கண்ணு எழுதுனது நான். அந்தம்மாகிட்ட சொன்னதும் நான்தான்."

சத்தம் கேட்டு முதலாளி வந்து நின்றார். அகல்யா பேச்சை நிறுத்தவில்லை.

அவள் முடித்ததும் ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டு, பொம்மையை நான் வாங்கிக்கொண்டேன்.

"என்னையும் எடு," என்றேன். "பெட்டி கட்டுனது யாருன்னு கேப்பாங்கல்ல."