பிந்தி எரிந்த விளக்கு

இரண்டு நாளாக அந்த பிரஸ் மெஷின் ரெஜினாவின் உயிரை வாங்கியது. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், தகட்டை அச்சில் வைத்து கார் உதிரிபாகம் அடிக்கும் சின்னக் கம்பெனி. அவள் அங்கே எலக்ட்ரீஷியன். அவளைச் சேர்த்துவிட்ட அண்ணன் சாம்தான் அந்த மெஷினை ஓட்டுகிறவன்.

வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என மெஷினில் இரண்டு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும்; ஒன்று அரை செகண்ட் பிந்தினாலும் இறங்காது. ஒரு கை பட்டனிலும் இன்னொன்று அச்சுக்குள்ளும் இருந்து யாரும் கையைப் பறிகொடுக்கக் கூடாதே, அதற்காக. அமுக்கியதும் பேனலுக்குள் இரண்டு சின்ன விளக்குகள் சேர்ந்து எரிய வேண்டும். இடது விளக்கு மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி பிகு பண்ணிக்கொண்டு பிந்தி வந்தது. பிரஸ் அசையவில்லை.

உப்புக் காற்றுதான் காரணம் என்று ரெஜினா முடிவு கட்டினாள். இந்தக் கடற்கரையில் எது பழுதானாலும் பழி அதன் தலையில்தான். பட்டனை மாற்றினாள், ஒயரை மாற்றினாள், அதைக் கன்ட்ரோல் கார்டில் வேறு இடத்தில் சொருகினாள். ஒவ்வொரு தடவையும் சாம் அமுக்க, அவள் பேனலுக்குள் தலையை விட்டு விளக்கையே பார்த்தாள். எலக்ட்ரீஷியன் புத்தி அப்படி. அமுக்குகிற ஆளைப் பார்க்காது.

சூப்பர்வைசர் பரணிதரன் வந்து நின்றார். "இன்னாம்மா, இன்னிக்காவது ஓடுமா?"

"ஓடிடும் சார்" என்றவள் அண்ணனிடம் திரும்பினாள். "அண்ணா, கையைக் குறுக்கால வெச்சு அமுக்கு. இடது கை வலது பட்டன்ல."

சாம் தயங்கினான். "அது இன்னாத்துக்கு?"

"அமுக்கேன்."

அமுக்கினான். இப்போது இடது விளக்கு டக்கென்று எரிந்தது. வலது விளக்கு பிந்தியது.

அப்படியென்றால் பிந்துவது பட்டன் இல்லை, கை. ரெஜினா தலையை வெளியே எடுத்து அண்ணனின் இடது கையைப் பார்த்தாள். பட்டன்மேல் அது சோர்ந்து கிடந்தது. கொஞ்ச நாளாக, பைக் ரிப்பேர் என்று அவன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. ரிப்பேர் பைக்கில் இல்லை; அந்தக் கையால் கிளட்ச் பிடிக்க முடியவில்லை.

பரணிதரன் போனை எடுத்துக்கொண்டு வெளியே நகர்ந்தார்.

"எத்தினி நாளாண்ணா?"

"தெரில. மரத்துப் போனாப்ல கீது." அவன் குரல் தாழ்ந்தது. "நீ ஒயர்ல ஏதாச்சும் கண்டுபுடிச்சிடுவேன்னு நெனச்சுகினு இருந்தேன், ரெஜி. அந்த அரை செகண்டை மட்டும் கொஞ்சம் கூட்டி வெச்சுடேன். இத்த வுட்டா எனக்கு இன்னா வேலை தெரியும்?"

மெஷினோடு இணைத்திருந்த லேப்டாப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். அவளுக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். பட்டனே பழுதாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று அழுகை முட்டியது.

"முடியாதுண்ணா. கை போய்டும்."

"அதான் போய்கினு கீதே."

அவள் லேப்டாப்பை மூடினாள். வெளியே போய் பரணிதரனிடம், "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். அண்ணனை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்" என்றாள்.

வாசலில் தன் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். சாம் பின்னால் ஏறி உட்கார்ந்தான். முன்பெல்லாம் அவன் ஓட்ட, அவள்தான் பின்னால் உட்காருவாள்.

"நல்லா புடிச்சுக்கோண்ணா."

வலது கை அவள் தோளைப் பற்றியது. இடது கையும் வந்து சேரும்வரை அவள் வண்டியை எடுக்கவில்லை.